எச்சில் சோற்றில் ஆசிட் எடுக்கும் டிரம்: வேலூர் மெஸ்ஸில் ஏழு மாதம் வைத்துப் பார்த்தேன்

முதலில் என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லேபில் 28 வருஷம் இருந்தவன் நான். சுண்ணாம்புக் குழி, சல்பைடு, அம்மோனியா, பச்சைத் தோல் எல்லாம் கலந்த காற்றில் டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டவன். அதனால் ஒரு பொருளைப் பற்றி "நாற்றம் தாங்கவில்லை" என்று நான் எழுதினால் அதை இரண்டு மடங்காக்கிப் படியுங்கள். "வாசனை பரவாயில்லை" என்று எழுதினால், வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் தம்பி வேலூரில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் மெஸ் நடத்துகிறார். அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்கள்தான் வாடிக்கை. கடுகு எண்ணெய் மீன் குழம்பும் வேண்டும், நம் ஊர் சாம்பாரும் வேண்டும். நோயாளிக்கு நாக்கு செத்திருக்கும், கூட வந்தவருக்குச் சாப்பிட மனசு இருக்காது. தட்டில் பாதி அப்படியே மீந்துவிடும். காய் நறுக்கிய கழிவையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 35 கிலோ தேறும். முன்பெல்லாம் பன்றி வளர்க்கிற ஒருவர் ஆட்டோவில் வந்து எடுத்துப் போவார். அவர் வருவது நின்றதிலிருந்து மச்சானுக்குத் தலைவலி.

இந்த நிலைமையில் பொங்கல் முடிந்த வாரம் ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். உணவுக் கழிவைப் புளிக்க வைக்கிற 100 லிட்டர் நீல டிரம் இரண்டு, 9,500 ரூபாய். அதோடு போடுகிற, நுண்ணுயிர் ஏற்றிய தவிட்டுப் பொடி கிலோ 120 ரூபாய். டிரம்மின் அடியில் வடிகிற சாற்றை அவர்களே லிட்டருக்கு 4 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொள்வார்களாம். "சார், இதைக் குப்பைன்னு சொல்லாதீங்க, இது ஒரு கெமிக்கல் ஃபேக்டரி. லாக்டிக் ஆசிட் வரும். அதுலேர்ந்து பிளாஸ்டிக் பண்றாங்க, மருந்து பண்றாங்க" என்று பேசினார்கள். மச்சான் உடனே எனக்குப் போன் போட்டார். "மாமா, ஆசிட்டோடவே வாழ்ந்தவரு நீங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னாமோ சொல்றானுங்க, ஒண்ணும் புரியல."

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. பையன்கள் சின்னவர்கள். ஏமாற்றுக்காரர்கள் இல்லை, கணக்கில்தான் வீக்.

அவர்கள் சொன்ன அறிவியல் பொய்யில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குகிறதே, அதைச் செய்வது லூகோனோஸ்டாக் மாதிரியான லாக்டிக் பாக்டீரியாக்கள். சர்க்கரையைத் தின்று ஆசிட்டை வெளியே விடுகின்றன. புளித்த பாலில் இந்த ஆசிட் இருப்பதை 1780-லேயே ஷீலே என்கிற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்காவில் 1881-ல் நுண்ணுயிரை வைத்தே இதை வியாபாரமாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்ப காலத்தில் அதிகம் வாங்கியவர்கள் யார் தெரியுமா? தோல்காரர்களும் துணிக்காரர்களும்தான். எங்கள் தொழிலுக்கும் இந்தப் புளிப்புக்கும் அவ்வளவு பழைய உறவு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயசான மேஸ்திரி ஒருவர் தவிட்டுத் தொட்டி கதை சொல்வார். கெமிக்கல் கேன்கள் வருவதற்கு முன்னால், முடி நீக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க, தவிட்டை வெந்நீரில் கரைத்துப் புளிக்கவிட்டு அதில் தோலைப் போடுவார்களாம். ராத்திரி போட்டால் காலையில் தோல்கள் மேலே மிதந்துகொண்டிருக்கும். புளிக்கும்போது வருகிற வாயு தூக்கிவிடும். அப்போது இதைக் கிழவர் கதை என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். பையன்கள் பொடிப் பையைத் திறந்தபோது தவிட்டு வாசனையும் புளிப்பு வாசனையும் சேர்ந்து வந்தது. சட்டென்று அந்த மேஸ்திரி ஞாபகம். "வாங்கு மச்சான், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். இதை ஒரு விமர்சகனின் முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூக்கு எடுத்த முடிவு.

டிரம் எப்படி என்றால், கெட்டியான பிளாஸ்டிக். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சல்லடைத் தட்டு. அதற்குக் கீழே சாறு வடியும், ஒரு குழாய். மேலே ரப்பர் வளையம் வைத்த மூடி, அதில் கம்பிக் கொக்கி. ஐந்து கிலோ கழிவு போட்டால் இரண்டு கைப்பிடி பொடி தூவி, பழைய எவர்சில்வர் தட்டால் அழுத்தி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். நிறைந்தபின் 15 நாள் தொடக்கூடாது. இந்த முறையை ஜப்பானில் பொகாஷி என்று சொல்வார்கள். ஒகினாவாவில் பேராசிரியராக இருந்த டெரூவோ ஹிகா 1980-களில் நுண்ணுயிர்க் கலவை ஒன்றைப் பிரபலமாக்கியபிறகு உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு பரவியது. பையன்கள் கண்டுபிடித்தது இதில் எதுவும் இல்லை. டிரம் மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

முதல் குறை முதல் வாரத்திலேயே தெரிந்தது. நாளைக்கு 35 கிலோ, 15 நாள் ஊறல் என்றால் இரண்டு டிரம் எப்படிப் போதும்? ஏழு டிரம்மாவது வேண்டும். "ரெண்டே போதும் சார்" என்று எந்தக் கணக்கில் சொன்னார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. மெஸ் பின்கட்டில் ஏழு டிரம் வைத்தால் பாத்திரம் தேய்க்கிற அம்மா எங்கே உட்காருவார்? கடைசியில் நாளைக்கு 10 கிலோ மட்டும் டிரம்முக்கு, மீதி வழக்கம்போல மாநகராட்சி வண்டிக்கு என்று முடிவானது. ஆகவே இந்த விமர்சனம் மெஸ்ஸின் முழுக் கழிவைப் பற்றியது இல்லை, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் பற்றியது.

முதல் டிரம் அருமையாக வந்தது. மீந்த சோறு, முட்டைகோஸ் தோல், காலிஃபிளவர் தண்டு, உருளைக்கிழங்குத் தோல். பத்தாம் நாள் குழாயைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியும் பழைய சோற்றுப் பானையும் கலந்த வாசனை. மேலே வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தது, அது நல்ல அறிகுறி. கறுப்போ பச்சையோ வந்தால்தான் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது டிரம்மில் மாட்டிக்கொண்டோம். புதிதாக வந்த சப்ளையர் பையன் மீந்த ரசத்தையும் பருப்புத் தண்ணீரையும் மீன் முள்ளையும் அதிலேயே கொட்டிவிட்டான். பத்து நாள் கழித்துத் திறந்தபோது மச்சான் நாலடி பின்னால் போய்விட்டார். "இன்னா மாமா இது, ஆட்டுக்கெடா மாதிரி நாறுது?"

மச்சான் அறியாமலே சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டார். கழிவு நீர்த்துப் போய், புளிப்பு வேகமாக ஏறாவிட்டால், லாக்டிக் பாக்டீரியாக்களை ஓரங்கட்டிவிட்டு கிளாஸ்டிரிடியம் என்கிற வேறு பாக்டீரியா வகையறா உள்ளே நுழைந்துவிடும். அவை லாக்டிக் ஆசிட்டையே தின்று பியூட்ரிக் ஆசிட் ஆக்கும். கெட்ட வெண்ணெயும் வாந்தியும் கலந்த நெடி அதனுடையது. அதற்கும் மேலே நீளமான ஆசிட்கள் உண்டு. கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று மூன்று. லத்தீனில் ஆட்டுக்குச் சொல்லும் வார்த்தையிலிருந்துதான் மூன்றுக்கும் பெயர் வந்தது. ஆட்டுப் பாலிலும் இவை உண்டு, ஆட்டு வாடையும் இவற்றுக்கு உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய அந்த நெடியைத்தான் ஆம்ஸ்டர்டாமில் செயின்கிராஃப்ட் என்ற கம்பெனி உணவுக் கழிவிலிருந்து வேண்டுமென்றே தயாரித்திருக்கிறது. சின்ன ஆசிட்டோடு கார்பனை இரண்டிரண்டாகக் கோத்து நீளமாக்குகிற பாக்டீரியாக்களை வைத்து கேப்ராயிக் ஆசிட் எடுத்தார்கள். நீளமாக ஆக ஆசிட் தண்ணீரில் கரைவது குறையும், பிரித்தெடுப்பது சுலபமாகும், விலையும் கூடும். சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸில் அதற்கு வழியில்லை. அந்த டிரம்மில் இருந்ததை அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் மச்சானின் நிலத்தில் ஆழக் குழிவெட்டிப் புதைத்தோம். மூன்று நாள் தெருநாய்கள் அங்கேயே சுற்றின.

அதன்பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். குழம்பு, ரசம், மோர் எதுவும் வேண்டாம். சோற்றை வடிதட்டில் போட்டு நீர் இறங்கியபிறகுதான் டிரம். மீன் முள் கூடவே கூடாது. அதற்கப்புறம் கெட்டுப்போனதில்லை. பையன்கள் கொடுத்த கையேட்டில் "எல்லா உணவுக் கழிவும் போடலாம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நம்பாதீர்கள்.

சரி, ஆசிட் உண்மையிலேயே வருகிறதா? என்னிடம் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பழைய பியூரெட் குழாய் ஒன்றும், ஆசிட்டை முறிக்கும் காஸ்டிக் சோடாவும், காரத்தில் ரோஜா நிறமாகும் பினாப்தலீனும் இன்னும் இருக்கின்றன. ரிட்டையர் ஆன லேப்காரன் வீட்டில் வேறென்ன இருக்கும்? புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் மூன்றரை காட்டியது, நல்ல புளிப்பு. 10 மில்லி சாற்றை நிறையத் தண்ணீர் விட்டு வெளுக்க வைத்து ஆசிட் முறிந்து ரோஜா நிறம் வரும்வரை 0.1 நார்மல் காஸ்டிக் சோடாவை விட்டேன். 22 மில்லி குடித்தது. லாக்டிக் ஆசிட் கணக்கில் 2 சதவீதம். அசிட்டிக்கும் கொஞ்சம் கலந்திருக்கும், அதை இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. எப்படியும் லிட்டருக்கு 20 கிராம் ஆசிட். எச்சில் சோற்றிலிருந்து, அடுப்பில்லாமல், கரண்ட் இல்லாமல். கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருந்தது. ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "அந்தக் கையைக் கழுவிட்டுப் படுங்க" என்றார்.

பிரமிப்பு அடங்கியபின் கணக்குப் போட்டேன். டேனரிக்கு லாக்டிக் ஆசிட் வருவது 88 சதவீதத்தில். 35 கிலோ கேன் ஒன்றில் சுமார் 31 கிலோ ஆசிட். அதற்கு நம் சாறு 1,540 லிட்டர் வேண்டும். ஒரு டிரம்முக்குப் பத்து லிட்டர் சாறுதான் வடிகிறது. ஏழு மாதத்தில் எங்களுக்கு வந்தது சுமார் 250 லிட்டர். அப்படியானால் ஒரே ஒரு கேனுக்கு மூன்றரை வருஷத்துக்கு மேல் மச்சான் மெஸ்ஸில் சோறு மீந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? அந்த 1,500 லிட்டர் தண்ணீரை விரட்ட வேண்டும். மெஸ்ஸில் எரிகிற 19 கிலோ சிலிண்டர் ஏழு ஆகும். அப்படிக் காய்ச்சினாலும் கிடைப்பது ஆசிட் இல்லை, உப்பும் மஞ்சளும் மிளகாயும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த கறுப்புக் குழம்பு. லாக்டிக் ஆசிட் சாராயம் மாதிரி ஆவியாகி நல்லபிள்ளையாக அடுத்த பானைக்குப் போகாது. சூடேற்றினால் தன்னோடு தானே கோத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஆவதும் அந்தக் குணத்தால்தான், பிரித்தெடுக்கக் கஷ்டப்படுத்துவதும் அந்தக் குணத்தால்தான்.

பெரிய ஃபேக்டரிகளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். சோளச் சர்க்கரை மாதிரி சுத்தமான சரக்கைப் போட்டு, ஒரே வகை பாக்டீரியாவை விட்டு, லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் எடுக்கிறார்கள். புளிப்பு ஏறினால் பாக்டீரியா தன் ஆசிட்டில் தானே மூச்சுமுட்டி நின்றுவிடும். அதனால் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருப்பார்கள். கால்சியம் லாக்டேட் ஆகும். பிறகு கந்தக அமிலம் ஊற்றி ஆசிட்டை மீட்பார்கள். அந்த வழியில் ஒரு டன் ஆசிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் ஜிப்சம் குவியும். அதைத் தவிர்க்கத்தான் சவ்வில் வடிப்பது, மின்சாரத்தால் பிரிப்பது, சாராயத்தோடு சேர்த்து எஸ்டராக்கி எடுப்பது என்று வேறு வழிகள் எல்லாம். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் பிளேரில் நேச்சர்வொர்க்ஸ் கம்பெனி சோளத்திலிருந்து லாக்டிக் ஆசிட் வழியாகப் பிளாஸ்டிக் தயாரிக்கிறது. அதன் முதல் பாதி நம் டிரம்மில் நடப்பதுதான். புளிக்க வைப்பது பாக்டீரியா பாடு, பிரிப்பது நம் பாடு. செலவு முழுக்க இரண்டாவதில்.

ஏழு மாத வரவு தவிர மீதிக் கணக்கை அப்போதே தாளில் எழுதி பிப்ரவரி கடைசியில் பையன்களிடம் காட்டினேன். "சார், ஸ்கேல் ஆச்சுன்னா ஓகே ஆயிடும்" என்றார்கள். மார்ச் வரை வந்து சாறு எடுத்துக் காசு கொடுத்தார்கள். மொத்தம் 60 லிட்டர், 240 ரூபாய். ஏப்ரலில் வண்டி வரவில்லை. போன் போட்டால் "அடுத்த வாரம் சார்". மே மாதம் போன் எடுக்கவில்லை. மச்சானுக்குக் கோபம். எனக்கு வருத்தம்தான். அந்த 240 ரூபாயை அவர்கள் டீசலுக்கே செலவழித்திருப்பார்கள்.

கேன் கேனாகச் சாறு தேங்கிவிட்டதே, என்ன செய்வது? இந்த இடத்தில்தான் எனக்கு அந்தத் தவிட்டுத் தொட்டி மறுபடி ஞாபகம் வந்தது. மேல்விஷாரத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் இன்னும் டேனரியில் இருக்கிறார். சுண்ணாம்பில் ஊறி முடிந்த ஆட்டுத் தோலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வாங்கி வந்தேன். இதைப் படிக்கிற தொழில்காரர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு எடுக்க இப்போது பெரும்பாலும் அம்மோனியம் சல்பேட்தான். கண் எரியும், கழிவுநீரில் அம்மோனியா ஏறும். டேனரிக் கழிவால் பாலாறு கெட்ட கதையும், அதற்காகப் போட்ட வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பும் இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. லாக்டிக் ஆசிட்டில் அந்த அம்மோனியா தொல்லை இல்லை. சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரைகிற உப்பாகி வெளியே போய்விடும்.

தோலின் ஓரத்தை பிளேடால் வெட்டி ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டேன். நல்ல ரோஜா நிறம், நடுவரை சுண்ணாம்பு. சாற்றைத் துணியில் வடிகட்டி, ஐந்து பங்கு தண்ணீர் கலந்து பிளாஸ்டிக் வாளியில் ஊற்றித் தோலைப் போட்டேன். நேராக ஊற்றினால் தோல் மேல்பக்கம் உப்பிக் கரடுமுரடாகிவிடும், அதனால்தான் தண்ணீர். போட்ட உடனே ஒரு காட்சி. தோல் குங்குமமாய்ச் சிவந்துவிட்டது! ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. சாம்பார் சோற்று மஞ்சள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் பார்க்கிறோமே, அதேதான். நான் குச்சியால் கிளறக் கிளற, ஆசிட் சுண்ணாம்பைத் தின்னத் தின்ன, ஓரத்திலிருந்து சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. பினாப்தலீன் இல்லாமலே சமையல் மஞ்சள் எனக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது. 28 வருஷத்தில் எந்த லேபிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வெட்டிப் பார்த்தால் நடுவில் நூல் மாதிரி ஒரு ரோஜாக் கோடு மட்டும். வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் தோல் மஞ்சள், நடுநடுவே மிளகாய்ப்பொடிச் சிவப்பு, ஊறுகாய் வாசனை. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "இதுல செருப்பு தைச்சா சோத்துக்குத் தொட்டுக்கலாம்பா" என்று பதில் வந்தது. வெள்ளைத் தோல் ஏற்றுமதி செய்கிற எந்தக் கம்பெனியும் இந்தச் சாற்றைத் தொடாது. கறுப்புச் சாயம் போடுகிற தோலுக்கு வேண்டுமானால் யாராவது துணிந்து செய்து பார்க்கலாம்.

உருப்படியான உபயோகம் கடைசியில் குளியலறையில் கிடைத்தது. வேலூர் போர் தண்ணீரின் உப்புக்கறை தெரியுமல்லவா? வாளியில், குழாயில், கக்கூஸ் பீங்கானில் வெள்ளையாகக் கல் மாதிரி படிந்துவிடும். அதுவும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். வடிகட்டிய சாற்றை அப்படியே ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தேய்த்தால் உதிர்ந்து வருகிறது. பாட்டில் ஆசிட் மாதிரி நெஞ்சை அடைக்காது. அதற்குப்பின் ஒருமுறை நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டால் வாசனை போய்விடும். மச்சான் மாதா மாதம் வாங்கிய பாட்டில் ஆசிட்டை நிறுத்திவிட்டார். எனக்கு இந்த டிரம்மின் லாபம் என்றால் இதுதான், பையன்கள் விளம்பரத்தில் ஒரு வரி கூட இல்லாத லாபம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. இந்தச் சாறு இருக்கிற இடத்தில் பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு, மூடிய கக்கூஸில் ஆளையே சாய்த்துவிடும். இன்னொன்று கடப்பா கல். குழாய் கசிந்து, மெஸ் பின்கட்டுக் கடப்பா கல்லில் ஒரு வாரம் சொட்டியிருக்கிறது. அதுவும் சுண்ணாம்புக் கல் வகைதானே? சொட்டிய இடம் வட்டமாக வெளுத்து, பளபளப்பு போய்விட்டது. பாத்திரம் தேய்க்கிற அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வட்டத்தையும் ஒருமுறை பார்க்கிறார். அடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் தாம்பாளம் வையுங்கள்.

ஊறிய சக்கை நிலத்துக்குப் போகிறது. மக்கிப்போய் வருகிற எரு இல்லை இது. சோறு சோறாகவே இருக்கும், புளித்திருக்கும், அவ்வளவுதான். மண்ணில் புதைத்து இரண்டு வாரம் விட்டால்தான் புளிப்பு இறங்கி மட்கும். இலவம்பாடி முள்ளுக் கத்தரி போட்டிருக்கிற பாத்திகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிப் புதைத்தோம், செடி நன்றாகத்தான் இருக்கிறது. அது இதனாலா, இந்த வருஷ மழையாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சாற்றை ஒன்றுக்கு நூறு தண்ணீர் கலந்து ஊற்றலாம். மச்சானின் அப்பா, அதாவது என் மாமனார், கலக்காமல் ஒரு சொம்பு ஊற்றிய முருங்கைக் கன்று நாலாம் நாள் கருகியது. அப்பளம், ஊறுகாய் உப்பு வேறு சேரும் என்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புதைக்காதீர்கள்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன். கிலோ 120 ரூபாய் அநியாயம். ஆரணி அரிசி மில்லிலிருந்து அன்றைக்கு விழுந்த தவிடு, கொஞ்சம் வெல்லக் கரைசல், புளித்த மோரின் தெளிநீர், ஒரு கரண்டி பழைய இட்லி மாவு. பிசறி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, இரண்டு வாரம் வைத்து, நிழலில் உலர்த்தினேன். கிலோவுக்கு 40 ரூபாய்க்குள் முடிந்தது. சாற்றின் புளிப்பில் வித்தியாசம் இல்லை, பியூரெட்டில் 21 மில்லி. தவிடு மட்டும் பழசாக இருக்கக்கூடாது. அதிலிருக்கும் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும். ஒருமுறை வாரக் கணக்கில் கிடந்த தவிட்டில் செய்து மொத்தத்தையும் கொட்டினேன்.

கத்திரி வெயிலில் ஒரு கூத்து நடந்தது. வெளியே 42 டிகிரி, பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. டிரம் மூடி பூரி மாதிரி உப்பி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொக்கி தெறித்து டம்மென்று ஒரு சத்தம். ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாக்களில் சில வகையும் கரியமில வாயு விடும், அதுதான். பந்தியில் இருந்தவர்கள் சிலிண்டர் என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். தட்டில் மீந்ததையெல்லாம் அன்றைக்கு டிரம்மில் போட்டோம் என்பது வேறு கதை. வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடியை லேசாகத் தளர்த்தி வாயுவை விட்டு மூடுங்கள். வாயு வெளியேற ஒரு சின்ன வால்வு வைத்திருந்தால் பையன்களுக்குப் பத்து ரூபாய்தான் கூடியிருக்கும்.

நட்சத்திரம் கேட்பீர்கள். டிரம்முக்கு நாலு. பொடிக்கு ஒன்றரை. சாறு வாங்குவதாகச் சொன்னதற்குப் பூஜ்யம். வீட்டில் நாலு பேர், மொட்டை மாடியில் தொட்டிச் செடி இருக்கிறது, போர் தண்ணீர் உப்புக்கறை படுத்துகிறது என்றால் 20 லிட்டர் டிரம் ஒன்று போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மெஸ், ஓட்டல், கல்யாண மண்டபம் நடத்துகிறவர்கள் ஆசிட் விற்றுக் காசு பார்க்கலாம் என்று யார் வந்து சொன்னாலும், சாறு லிட்டருக்கு எத்தனை கிராம், பிரிக்கச் செலவு எவ்வளவு என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பையன்கள் எங்கோ நல்ல ஆளாகப் பிடித்து, சாற்றைச் சாறாகவே உப்புக்கறை போக்கப் பாட்டிலில் விற்கட்டும், முதல் பாட்டிலை நானே வாங்குகிறேன்.

மூடி ரப்பர் வளையம் ஆறு மாதத்தில் இளகிவிடுகிறது. மாற்று வளையம் வேலூர் லாங் பஜாரில் 40 ரூபாய்க்குக் கிடைக்கும். அளவு பார்க்க மூடியை எடுத்துப் போவதாக இருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். நான் கழுவாமல் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட் அம்மா இரண்டாவது ஸ்டாப்பிலேயே எழுந்து நின்றுகொண்டார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை.